களைப்பு போன வழி

மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கெடுக்கும் ஒருவர் பதினோரு வருஷத்தில் பத்தொன்பது கணவாய்களைச் சைக்கிளில் ஏறிக் கடந்தார். அத்தனை ஏற்றத்திலும் அவருக்கு ஒரு சொட்டு வியர்வை வந்ததில்லை. வியர்வை, மூச்சிரைப்பு, தொடைக்கடுப்பு, முட்டிவலி எல்லாம் கீழே வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு வந்தன. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. பால்காரரிலிருந்து தபால்காரர் வரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மீட்டர்காரரும் மற்றவர்களைப் போல நாக்குத் தள்ளத்தான் ஏறிக்கொண்டிருந்தார். ஊருக்கு மேலே இருக்கிற சின்னக் கணவாய்க்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதிகூடத் தாண்டாமல் அவர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கல்யாணமான ஒன்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே கணவாய்க்குக் கிளம்பினார். புது மனைவி வீட்டில் பள்ளிக்கூடப் பாவாடை ஒன்றுக்கு மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். எட்டேகாலுக்கு மெஷினை மிதிக்கிற கால் கனத்தது. எட்டரைக்கு முதுகு நனைந்தது. ஒன்பது மணிக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கை நடுங்கியது. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, இது காய்ச்சல் இல்லாத காய்ச்சல் என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். பத்தே முக்காலுக்கு எல்லாம் சட்டென்று நின்றது. மத்தியானம் கணவர் சீட்டியடித்துக்கொண்டு வந்து, "இன்னிக்கு என்னமோ தெரியல, கால் இருக்கிறதே தெரியல," என்றார்.

தையல்காரர்களுக்கு எதையும் சாக்பீஸால் கோடு போட்டு வைக்கிற பழக்கம் உண்டு. தையல்காரம்மா மூச்சு வாங்குகிற ஒவ்வொரு ஞாயிறும் மெஷின் பலகையில் மணியைக் குறித்து வைத்தார்: எப்போது ஆரம்பித்தது, எப்போது அதிகமானது, எப்போது விட்டது. ஆறு வாரம் குறித்தார். ஏழாவது வாரம் கணவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "பதினாலாவது வளைவு பக்கம் பத்து நிமிஷம் எதுக்கு நின்னீங்க?"

"செயின் கழண்டுடுச்சு. உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்தப் பத்து நிமிஷந்தான் எனக்கு மூச்சு ஒழுங்கா இருந்துச்சு."

பலகையைக் காட்டினார். மீட்டர் கணக்கெடுக்கிறவருக்கு எண்களைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அவர் பயந்துபோய் இருந்தார், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மனைவிக்குக் கால் பிடித்துவிட்டார், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், இனிமேல் வண்டியைத் தொடுவதில்லை என்றார். அடுத்த ஞாயிறு நல்ல வெயில் அடித்தது.

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வருவதே இந்த ஏற்றங்களுக்காகத்தான். நாலு பக்கமும் மலை. பனி உருகியதும் கழுத்து வரை ஜிப் போட்ட சட்டைகளோடு கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி, வளைவு வளைவாக ஏறி, மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் உள்ளூர்க்காரன் ஒருவன் அவர்களை முந்தினான் என்று சரித்திரமே கிடையாது. அப்படியிருக்க, ஒரு சாதாரண மீட்டர்காரர் வாயை மூடிக்கொண்டு, ஏதோ மெட்டை முனகிக்கொண்டு, மூச்சு வாங்காமல் எல்லோரையும் தாண்டிப் போனால் ஊர் சும்மா இருக்குமா? லாட்ஜ்காரர் தலைமையில் சைக்கிள் சங்கம் பிறந்தது. லாட்ஜ் வாசலில் மீட்டர்காரர் ஏறிய கணவாய்களின் பெயரும் எடுத்துக்கொண்ட நேரமும் எழுதிய பலகை வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. ஒருவர் மிதிக்க இருவர் உழைப்பது போட்டி தர்மத்துக்கு விரோதம் என்று மேலிடத்துக்கு மனு போட்டார்கள். மூன்று பேர் கொண்ட கமிட்டி வந்தது. இரண்டு பேர் ஜீப்பில் மீட்டர்காரர் பின்னால் போனார்கள்; ஒருவர் கையில் கடிகாரத்தோடு தையல்காரம்மா வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேலே அவர் ஏற ஏற இங்கே இவர் வேர்த்து விறுவிறுத்ததை நிமிஷக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். பிறகு தீர்ப்பு வந்தது. சைக்கிளில் மோட்டார் பொருத்தக் கூடாது என்றுதான் விதி இருக்கிறது, மனைவி மோட்டார் அல்ல, ஆகவே மனு தள்ளுபடி. லாட்ஜ்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். தீர்ப்பைத் தையல்காரம்மா வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்தார்கள். அவர் அப்போது சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் சங்கம் கூடி, அவருடைய ஒத்துழைப்பைப் பாராட்டி ஒரு மேஜை விசிறி கொடுப்பதென்று ஏகமனதாக முடிவு செய்தது. விசிறியின் அடியில் சங்கத்தின் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம்.

ஒரு மலையையும் கண்ணால் பார்க்காமல் எல்லா மலையும் அவருக்குத் தெரிந்தது. எந்தக் கணவாயில் எத்தனாவது வளைவு இடுப்பை ஒடிக்கும், எங்கே ஏற்றம் முடிந்ததாக ஆசை காட்டி மறுபடி தூக்கும், எங்கே எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும் என்று சொல்லுவார். வெளியூர்க்காரர்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்து வழி கேட்டுக்கொண்டு போனார்கள். நெடுஞ்சாலை என்ஜினியர் ஒருவர் கேலியாக, "சரி, பாலத்துக்கு அப்புறம் சரிவு எவ்வளவுன்னு சொல்லுங்க பார்ப்போம்," என்று கேட்டுவிட்டு, அவர் சொன்னது போர்டில் இருப்பதோடு ஒத்துப்போகாததால் சிரித்தார். பிறகு சந்தேகம் வந்து போய் அளந்து பார்த்தார். போர்டை மாற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கணவாய் முடிந்து கணவர் வீடு திரும்பும்போதும் தையல்காரம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"மேல என்ன இருந்துச்சு?"

"ரெண்டு மணி நாப்பத்தொரு நிமிஷம்," என்பார் அவர்.

"அது இல்லீங்க. மேல போய் நின்னா என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? கல்லு, காத்து. போன தடவையைவிட மூணு நிமிஷம் கம்மி தெரியுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சின்ன மீட்டரைத் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை. நாள் முழுக்க வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவர், மலைக்குப் போயும் மீட்டரையே பார்த்தார். தையல்காரம்மாவுக்கு வலிகூடப் பெரிதில்லை. இத்தனை பாடுபட்டு ஏறியும் அங்கே என்ன இருக்கிறதென்று சொல்ல ஒரு நாதியில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மகள் வயிற்றில் இருந்தபோது மீட்டர்காரர் ஏழு மாதம் வண்டியைத் தொடவில்லை. அந்தத் தியாகத்தை அதற்குப் பிறகு பத்து வருஷம் சொல்லிக்காட்டினார். மகள் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் மடியில் உட்காரக் கூடாது, விசிறியைத் தன் பக்கம் திருப்பக் கூடாது என்று அவளுக்குப் பேசத் தெரிவதற்கு முன்பே தெரிந்திருந்தது. பதினோராவது வருஷம் தையல்காரம்மா பட்டன் வாங்கப் போன கடையில் மயங்கி விழுந்தார். பெரியாஸ்பத்திரி டாக்டர் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன விளையாட்டுல இருந்தீங்க?" என்று கேட்டார்.

"தையல்," என்றார் இவர்.

டாக்டர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். விவரம் முழுவதும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, இது ஐம்பது வருஷம் மலையேறித் தேய்ந்துபோன இருதயம், இனி ஒரு பெரிய ஏற்றத்தைத் தாங்கினால் அது அதிர்ஷ்டம், இரண்டாவதைத் தாங்கவே தாங்காது என்றார். மீட்டர்காரர் மேஜையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். ஒரு குளிர்காலம் முழுக்கச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார், சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால்.

அந்த வருஷம்தான் பெரிய கணவாய்க்குத் தார் போட்டு முடித்தார்கள். அதுவரை ஆட்டுமந்தைகள் மட்டும் போன பாதை, மேகத்துக்கு மேலே இருந்தது. திறக்கிற அன்றே முதல் ஆளாக யார் சைக்கிளில் ஏறுவது என்ற பேச்சு வந்தபோது லாட்ஜ்காரர் மீட்டர்காரர் வீட்டுக்கு மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை மீட்டர்காரர் தன் மனைவியிடம், "இது ஒண்ணு மட்டுந்தான். டாக்டரே ஒண்ணு தாங்கும்னு தானே சொன்னாரு," என்றார்.

தையல்காரம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. "சரி, என்னையும் ஜீப்ல கூட்டிட்டுப் போங்க. பாடுபடறதை அங்க வந்து படறேன். ஒரு தடவையாவது பார்க்கறேன்," என்றார்.

விசாரித்துச் சொல்வதாகப் போனவர் வந்து, ஜீப்பில் போட்டோக்காரர், பேனர், இரண்டு ஸ்பேர் சக்கரம், லாட்ஜ்காரரின் மச்சான் எல்லாம் போக இடமில்லை என்றார்.

அதனால் திறப்பு நாளன்று, ஒரு புதன்கிழமை, தையல்காரம்மா மகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கூடம் போகச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினார். கீழே கணவர் மிதிக்கத் தொடங்கியதை வழியிலேயே உணர்ந்தார். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தும், முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்தபடியே போனதால் வழியில் ஒன்றும் பார்க்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு உச்சியில் இறக்கிவிட்டார்கள். அங்கே சாலைப் பணியாளர்களின் தகரக் கொட்டகை ஒன்றும், மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்றும், ஒரு குட்டைச் சுவரும்தான் இருந்தன. கொட்டகைக்காரர் வெந்நீர் கொடுத்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவாக, தான் வந்த சாலையில் தானே மறுபடி ஏறினார். பத்தரை மணிக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. காற்று இந்தப் பக்கம் கன்னத்தை அறைந்ததால் கொட்டகைக்காரர், "அம்மா, கல்லுக்கு அந்தப் பக்கம் போய் உட்காருங்க, காத்து அடிக்காது," என்றார். எழுந்து நாலு எட்டு வைத்து மஞ்சள் கல்லைத் தாண்டினார். மூச்சிரைப்பு நின்றது. திரும்பி ஒரு எட்டு இந்தப் பக்கம் வைத்தார், மார்பு அடைத்தது. மறுபடி அந்தப் பக்கம், ஒன்றுமில்லை. மூன்று தடவை செய்து பார்த்தார்.

"அண்ணே, இது என்ன?"

கொட்டகைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கல்லோட எங்க டிவிஷன் முடியுதும்மா. அந்தப் பக்கம் வேற ஆபீஸ். இங்கத்தது எதுவும் அங்க செல்லாது," என்றார்.

அப்போதுதான் தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் இன்னொன்று, இப்படிக் கண்ணுக்கு எட்டிய வரை. பனி இருந்த இடம் வெள்ளையாகவே இல்லை, ஊதாவும் வெளிர்நீலமுமாக இருந்தது. கீழே ஒரு ஏரி கிடந்தது. அதன் மேல் ஒரு மேகத்தின் நிழல் அவசரமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் சாலை பள்ளிக்கூடப் பாவாடை மடிப்புகளாக விழுந்துகொண்டே போயிற்று. ஒவ்வொரு மடிப்பையும் அவர் காலுக்குத் தெரியும். "இவ்வளவு இருக்கா," என்றார். பிறகு அழுதார். சந்தோஷமெல்லாம் இல்லை. பத்தொன்பது உச்சியில் இது அத்தனையும் இருந்திருக்கிறது, கல்லு, காத்து என்று சொல்லிவிட்டாரே என்கிற ஆத்திரம்.

எட்டு நிமிஷம் பார்த்திருப்பார். அதற்குள் கீழே, மேலிருந்து ஐந்தாவது மடிப்பில், ஒரு பட்டன் அளவுக்குக் கணவர் தெரிந்தார். இனி களைப்பு அவருக்கே போயிருக்கும், இறங்கித் தள்ளட்டும், ஒரு நாளாவது நாக்குத் தள்ளட்டும் என்று தையல்காரம்மா காத்திருந்தார். பட்டன் நிற்கவில்லை. வேகமும் குறையவில்லை. நாலாவது மடிப்புக்கு வந்தது, மூன்றாவதுக்கு வந்தது. அவருக்குப் போகவில்லை, எனக்கும் வரவில்லை, அப்படியானால் அது எங்கே போகிறது என்று தையல்காரம்மா யோசித்தார். யோசித்த மறு கணம் எழுந்து, விழுந்தடித்துக்கொண்டு, கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து தரையில் விழுந்தார்.

மீட்டர்காரர் வந்து சேர்ந்தபோது அவர் கல்லில் தலை வைத்துப் படுத்திருந்தார். பேச முடியாமல், கையை நீட்டி மலைகளைக் காட்டினார். மீட்டர்காரர் குனிந்து, "நாலு மணி பன்னெண்டு நிமிஷம்!" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். போட்டோவில் அவருக்குப் பின்னால் சேலை ஒன்று தரையில் கிடப்பது தெரியும். அன்று சாயங்காலம் மகள் பையைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மா, கணக்கு பீரியட்ல எனக்குத் திடீர்னு மூச்சு வாங்குச்சும்மா. டீச்சர் தண்ணி கொடுத்தாங்க. அப்புறம் தானா நின்னுடுச்சு," என்றாள்.

"எத்தனை மணிக்கு?"

"பத்தே முக்கால் இருக்கும்."

தையல்காரம்மா அதைச் சாக்பீஸால் குறிக்கவில்லை.

அவருடைய தங்கை மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தார். மகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து, தானும் அங்கேயே ஒரு மெஷின் போட்டு உட்கார்ந்துவிடுவது என்று தையல்காரம்மா முடிவு செய்தார். கணவரிடம் சொல்லவில்லை. உடம்பு எழுந்து நடமாட மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அந்தப் பக்கத்துச் சங்கத்தில் ஒருவர் பெரிய கணவாயை நாலு மணி எட்டு நிமிஷத்தில் ஏறிவிட்டார் என்று செய்தி வந்து, லாட்ஜ் வாசலில் சாவு விழுந்த மாதிரி கூட்டம் நின்றது. தையல்காரம்மா யோசித்து ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். செவ்வாய்க்கிழமை கணவர் கடைத்தெருவில் மீட்டர் எடுக்கிற நாள், மலைப்பக்கமே போகமாட்டார். அன்று காலை அவர் ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு, ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார். சைக்கிளைச் சங்கத்து அறையில் வைத்திருந்ததும், அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்ததும் வீட்டுக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்தால் வீணாகக் கவலைப்படுவாள் என்று சொல்லவில்லையாம். பிற்பாடு அவர் சொன்னது இது.

ஒன்பது மணி பஸ்ஸில் தாயும் மகளும் ஏறினார்கள். எட்டு மணியிலிருந்தே தையல்காரம்மாவுக்குக் கால் கனத்தது; மூட்டை கட்டிய அலுப்பு என்று விட்டிருந்தார். பத்து மணிக்கு நெற்றியும் வேர்த்தது. பஸ்ஸின் ஆட்டம் என்று நினைக்கப் பார்த்தார், ஆனால் அவர் கால் பொய் சொல்லாது. பதினொன்றரைக்குப் பஸ், சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்த கணவரைப் பிடித்தது. அந்த இடத்தில் ஏற்றம் மோசம். ஆள் நிறைந்த பஸ் முதல் கியரில் முக்கிக்கொண்டு போனது, களைப்பில்லாத சைக்கிளும் அதே வேகத்தில் போனது. அதனால் கொஞ்ச தூரம் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில், ஒரு ஜன்னல் கம்பி இடைவெளியில், ஒன்றாகப் பயணம் செய்தார்கள். உள்ளே இருந்தவருக்கு இரைத்தது. வெளியே இருந்தவர் மெட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தார். மகள்தான் முதலில், "அப்பா!" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்த்து, ஆச்சரியப்பட்டு, கையசைத்தார்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "சார், வீட்டம்மாவுக்கு ரொம்ப முடியல சார். இருபது நிமிஷம் இறங்கி நில்லுங்க. நாங்க கல்லைத் தாண்டிடறோம்," என்றார்.

தையல்காரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க... இறங்குங்க... இருபதே நிமிஷம்..."

மீட்டர்காரர் ஹேண்டில்பாரைப் பார்த்தார். அவர் முகம் சங்கடப்பட்டது என்று ஜன்னலோரத்தில் இருந்த மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். "இப்ப நின்னா ஆவரேஜ் போயிடும்மா," என்றார். "இன்னும் ஒன்பது வளைவுதான். மேல போய் நிக்கறேன். கொஞ்சம் பொறுத்துக்க."

பஸ்ஸைக் குறுக்கே விட்டு மறிக்கச் சொன்னார் கண்டக்டர். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பப் போனார். பின்னால் சங்கத்து ஜீப் விடாமல் ஹாரன் அடித்தது. பதினோரு வருஷமாக அந்த ஹாரனைக் கேட்டால் ஒதுங்கிப் பழகிய பஸ், பழக்க தோஷத்தில் ஒதுங்கி வழிவிட்டது. சைக்கிள் முன்னால் போயிற்று. பஸ்ஸில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதுவதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ஐந்து வளைவு போனபின் தையல்காரம்மாவின் இரைப்பு அடங்கியது. தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டார். "அப்பாடா, குறைஞ்சிடுச்சு," என்றார் கண்டக்டர். எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. ஒரு நிமிஷம்கூட இருக்காது, மகளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அப்படித்தான் பஸ்ஸில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

டிரைவர் எங்கேயும் நிறுத்தவில்லை. மீதி வளைவுகளை எப்படி ஏற்றினார் என்று அவருக்கே தெரியாது. மஞ்சள் கல்லைத் தாண்டியதும் மகளுக்கு மூச்சு சரியாயிற்று; அதற்குப் பிறகு அவள் அழத் தொடங்கினாள். கல்லுக்கு அந்தப் பக்கம் காத்திருந்த சித்தியும் அங்கே இருந்த பெண்களும் பஸ்ஸிலிருந்து தையல்காரம்மாவின் உடலை இறக்கினார்கள். மீட்டர்காரரும் வந்து தரையில் புரண்டு அழுதார், அது பொய் அழுகை என்று யாராலும் சொல்ல முடியாது. மகள் அவர் பக்கம் திரும்பவில்லை. இன்றுவரை கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வரவும் இல்லை. நாலு மணி மூன்று நிமிஷம் என்பது லாட்ஜ் பலகையில் இருக்கிறது.

அவர் ஐந்து மாதம் வண்டியைத் தொடவில்லை. பனி உருகியதும், மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நாங்களே சொல்லிக் கிளப்பிவிட்டோம். அந்த ஞாயிறு அவர் சின்னக் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தபோது லாட்ஜ்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே வேர்த்து ஒழுகினார். அடுத்த ஞாயிறு கணக்கு டீச்சர். அதற்கடுத்து கம்பவுண்டர். இந்தப் பக்கத்தில் அவருக்கென்று ஆள் இல்லாமல் போனதும் களைப்பு ஊரில் கண்டவர் மேலும் விழ ஆரம்பித்துவிட்டது. அதில் ஒரு வரிசையும் கிடையாது. சங்கம் கூடியது. மூன்று மணி நேரம் பேசினார்கள். வண்டியை விடச் சொல்லலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊருக்கு இருப்பது அவர் ஒருவர்தான், அவருக்காகத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்; ஊரில் நாலாயிரம் பேர் இருக்கிறோம், நாலாயிரத்தில் ஒருவர் என்றால் நமக்கா வரப்போகிறது. கடைசியில், கடைத்தெருவில் பத்தடிக்கு ஒரு ஸ்டூல் போடுவதென்று முடிவாயிற்று. ஞாயிறு காலையில் திடீரென்று இரைப்பவர்கள் பதற்றப்படாமல் அருகில் உள்ள ஸ்டூலில் உட்காரவும் என்று போர்டும் எழுதி வைத்தோம். பிள்ளைத்தாய்ச்சிகளையும் இருதய நோயாளிகளையும் சனிக்கிழமையே பஸ்ஸில் ஏற்றிக் கல்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். அதற்காக ஒரு நடை கூட்டியிருக்கிறார்கள். நாலு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது.

போன மாதம் மூன்றாவது ஞாயிறு இதை எழுதுகிறவனுக்கு வந்தது. சோப்பு வாங்கப் போயிருந்தேன். மருந்துக்கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷம். நெஞ்சுக்கூட்டை யாரோ கையால் பிசைவதாக இருந்தது. செத்தால் தேவலை என்று இரண்டு தடவை தோன்றியது. நாலாயிரம் பேருக்கும் பங்கு போட்டு ஆளுக்கு ஒரு தடவை வருவதே இப்படி இருக்கிறதென்றால், அந்த அம்மாள் பதினோரு வருஷம் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு எங்கள் பிள்ளைகளுக்குப் பாவாடையும் தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. மீட்டர்காரர் இறங்கி வரட்டும், இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று வாயில் வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மீட்டர்காரர் கடைத்தெருவில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல, "இன்னிக்கு யாருக்கு?" என்று விசாரித்தார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். வண்டியிலிருந்து ஒரு காலை ஊன்றி, மரியாதையாகத் தலையைச் சாய்த்து, "ஏழாவது வளைவுல கியர் மாத்த மறந்துட்டேன், கொஞ்சம் இழுத்திருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

"பரவாயில்ல சார்," என்றேன். "நல்லா ஏறினீங்க."